மத்தியானம் ஆனா செல்ஃப் எடுக்காத பழைய மினி டிராக்டர்: பேட்டரி, செல்ஃப் மோட்டார், சாலினாய்டு எல்லாம் மாத்தியாச்சு

ஆனைமலைத்தோப்பு | ஞாயிறு, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஆனைமலைப் பக்கம் நாலரை ஏக்கர் தென்னந்தோப்பு. அப்பா 2003ல வாங்கின மினி டிராக்டர், மூணு சிலிண்டர் டீசல், 18 எச்.பி. அப்பா தவறினதுக்கப்புறம் மூணு வருசமா நானேதான் ஓட்டறேன். எஞ்சின்ல ஒரு குறையும் இல்லீங்க. புகை இல்லை, ஆயில் குடிக்கறதில்லை. கரண்ட் சமாச்சாரம்தான் உயிரை வாங்குது.

காலைல முதல் தடவை சாவி திருப்பினா இழுத்து இழுத்தாவது செல்ஃப் எடுத்துரும். ரெண்டு மணி நேரம் ரொட்டவேட்டர் ஓட்டிட்டு, டீ குடிக்க நிறுத்திட்டு வந்து திருப்பினா "டக்"னு ஒரே சத்தம், அவ்வளவுதான். பத்து தடவை திருப்பினா ஒரு தடவை சுத்தும். இல்லேன்னா ஒரு மணி நேரம் ஆறவிடணும்.

இதுவரைக்கும் 14 மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்திட்டேன். செல்ஃப் மோட்டாரைக் கழட்டி கார்பன் பிரஷ், புஷ் ரெண்டும் புதுசு. போன மாசம் செல்ஃபுக்குக் கரண்ட் விடற காந்த சுவிட்ச், அதான் சாலினாய்டு, அதுவும் புதுசு. இப்ப பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டரை மாத்திப் பாக்கலாம்ங்கறார் மெக்கானிக். அது ஆச்சு 7,500 ரூபாய். தேங்காய் விக்கற விலைக்கு ஒவ்வொரு சாமானா மாத்திப் பாக்க என்னால முடியலீங்க. வாய்க்கால் மேட்டுல சரிவு பாத்து நிறுத்தி, உருட்டி கியர் போட்டு எடுத்துட்டு இருக்கேன். தோப்புக்குள்ள நின்னுட்டா தள்ளறதுக்கு ஆள் தேடணும்.

வித்துட்டு வேற வாங்கச் சொல்றாங்க. அப்பா வண்டி, விக்க மனசில்லை. வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வயர்மேன்72 | ஞாயிறு, இரவு 9.25

ஒரு சாமானும் வாங்காதீங்கம்மா. ஆல்டர்னேட்டரையும் இப்ப தொட வேண்டாம். கோயமுத்தூர்ல முப்பது வருசம் ஆட்டோ எலெக்ட்ரிகல் வேலை பார்த்தவன் சொல்றேன்: நீங்க எழுதினதுல பாதி நோய் புரிஞ்சுடுச்சு, மீதிக்கு மீட்டர் வேணும். டிஜிட்டல் மல்டிமீட்டர் எலெக்ட்ரிகல் கடையில முன்னூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த ஒரு செலவு மட்டும் செய்ங்க.

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில வைங்க. வண்டி ராத்திரி முழுக்க நின்ன பிறகு, காலைல சாவி போடறதுக்கு முன்னால பேட்டரியோட ரெண்டு முனையிலயும் வெச்சுப் பாருங்க. முழு சார்ஜ்ல இருக்கற பேட்டரி 12.6 காட்டும். 12.2ன்னா பாதிதான் இருக்கு. 12க்குக் கீழன்னா முதல்ல சார்ஜ் ஏத்திட்டுத்தான் மத்ததெல்லாம்.

அடுத்தது செல்ஃப் சுத்தும்போது எடுக்கற அளவு. எஞ்சினை நிறுத்தற ஸ்டாப் நாபை இழுத்துப் பிடிங்க, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாம செல்ஃப் மட்டும் சுத்தும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஒருத்தர் சீட்ல உக்கார்ந்து அஞ்சு நொடி மட்டும் சாவியைத் திருப்பட்டும், நீங்க மீட்டரைப் பாருங்க. ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல ஒரு நிமிசம் விடுங்க, மோட்டார் சூடாகிடும்.

சுத்தும்போதே மூணு இடம் பார்க்கணும். பேட்டரியோட ரெண்டு முனைக்கும் நடுவுல எவ்வளவு? பேட்டரி பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு? பேட்டரி மைனஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டார் உடம்புக்கும் நடுவுல எவ்வளவு? மீட்டர் முள்ளை பேட்டரி முனை மேலயே குத்துங்க, கேபிள் கிளாம்ப் மேல இல்லை. கிளாம்புக்கும் முனைக்கும் நடுவுலயே கோளாறு இருந்தா அதையும் பிடிக்கணும் இல்லையா? உடம்பைத் தொடும்போது பெயிண்டைச் சுரண்டிட்டுத் தொடுங்க.

இந்த நாலு நம்பரையும் போடுங்க. மத்தியானம் சூட்டுல எடுத்தா இன்னும் நல்லது.

கரிசல்மண் | ஞாயிறு, இரவு 10.10

அக்கா, இவ்வளவு சுத்த வேண்டாம். கியர்பாக்ஸ் மேல நியூட்ரல் சுவிட்ச் இருக்கும் பாருங்க, கியர்ல நின்னா செல்ஃப் எடுக்க விடாதது. பழைய வண்டியில பாதி வம்பு அதுலதான். ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்திட்டா தீர்ந்தது. அப்பவும் எடுக்கலைன்னா செல்ஃப் மோட்டார்ல பெரிய போல்ட்டையும் சின்ன முனையையும் பெரிய ஸ்க்ரூட்ரைவரால தொட்டா சுத்திடும். நாங்க விருதுநகர் பக்கம் எல்லாரும் இப்படித்தான் எடுக்கறோம்.

காவிரிக்கரை | திங்கள், காலை 6.15

கரிசல்மண் தம்பி, கோவிச்சுக்காதீங்க, இதைச் சொல்லாம இருக்க முடியலை.

2011ல எங்க சித்தப்பா இதே ஸ்க்ரூட்ரைவர் வேலையைத்தான் செஞ்சார். நியூட்ரல் சுவிட்ச் வயரை முறுக்கி நேர் பண்ணின வண்டி. நாத்து நடவுக்குச் சேறு அடிச்சுட்டு வரப்போரம் நிறுத்தியிருந்தார். கியர்ல நின்னுட்டு இருந்தது அவருக்கு ஞாபகம் இல்லை. பின்சக்கரத்துக்கு முன்னாடி தரையில நின்னுக்கிட்டு குனிஞ்சு தொட்டார். செல்ஃப் சுத்தின அந்த வேகத்துலயே எஞ்சினும் பிடிச்சுக்கிட்டு வண்டி நகர்ந்துடுச்சு. டீசல் எஞ்சினுக்கு அரைச் சுத்து போதும். நகர்ற டிராக்டருக்கு முன்னால இருந்து விலக ஒரு நொடி கூட கிடைக்கலை. வலது கால் முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. இன்னிக்கும் வாசல் திண்ணையில உக்கார்ந்து வயலைப் பார்த்துக்கிட்டு இருக்கார்.

அந்தச் சுவிட்ச் அதுக்காகத்தான் இருக்கு. கெட்டுப்போச்சுன்னா புதுசு போடுங்க. முறுக்கி டேப் சுத்தாதீங்க. சகோதரி, நீங்க தோப்புல தனியா வேலை பார்க்கறவங்க, உங்களுக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம்.

கிளிநொச்சிவயல் | திங்கள், காலை 7.50

வணக்கம். அளவு எடுக்க முதல் ஒண்டு சொல்லுறன். எங்கட ஐயாட்ட பழைய மாசி பெர்குசன் 35 ஒண்டு நிண்டது. அதில பற்றறியின்ர பிளஸ் பக்கம்தான் ஏர்த்தா வண்டி உடம்போட பூட்டியிருக்கும். இப்பத்தைய வண்டியளுக்கு நேர் எதிர். அது தெரியாமல் ஆரோ மைனஸை ஏர்த்தில பூட்டி, டைனமோ சார்ஜ் ஏத்தாமல் கனநாள் அலைஞ்சம்.

அக்காட வண்டி 2003 எண்டால் மைனஸ் ஏர்த்தாத்தான் இருக்கும். ஆனால் இதை வாசிக்கிற ஆரிட்டையும் 50கள், 60களில வந்த வண்டி இருந்தால் முதல் கேபிளைப் பாத்திட்டுத் தொடுங்கோ. ஆல்ரனேற்றர் இருக்கிற வண்டியில மாறிப் பூட்டினால் அதுக்குள்ள இருக்கிற டயோட் அந்தக் கணமே போயிடும்.

காவிரிக்கரை அண்ணை சொன்னது முழுக்கச் சரி.

ஆனைமலைத்தோப்பு | செவ்வாய், மாலை 6.30

மீட்டர் வாங்கிட்டேன்ங்க. பக்கத்துத் தோட்டத்துப் பையன் சாவி திருப்ப வந்தான். மத்தியானம் ரெண்டு மணிக்கு வண்டி நல்ல சூட்டுல எடுத்தது இது:

ஓய்வுல காலைல பேட்டரி 12.4. செல்ஃப் சுத்தும்போது பேட்டரி முனையில 10.4. பிளஸ் பக்கம் 0.3. மைனஸ் பக்கம் 2.3.

மைனஸ் பக்கம் தப்பா எடுத்துட்டேனோன்னு மூணு தடவை பார்த்தேன். 2.2, 2.3, 2.3. இன்னொண்ணு, மீட்டரை ஓம்ஸ்ல வெச்சு அதே ரெண்டு இடத்தைத் தொட்டா 0.0, 0.1 அப்படித்தான் காட்டுது. அப்படின்னா எர்த் நல்லாத்தானே இருக்கு?

வயர்மேன்72 | செவ்வாய், இரவு 8.05

ரொம்ப சரியா எடுத்திருக்கீங்கம்மா. நோய் பாதி அந்த 2.3ல உக்கார்ந்திருக்கு.

கேளுங்க. பேட்டரியிலிருந்து 10.4 கிளம்புது. போற வழியில 0.3 போச்சு, திரும்பி வர வழியில 2.3 போச்சு. செல்ஃப் மோட்டாருக்குக் கிடைச்சது 7.8 வோல்ட். பசியோட இருக்கறவன்கிட்ட மூட்டை தூக்கச் சொன்ன கதை. மோட்டார் மேல, பேட்டரி மேல, சாலினாய்டு மேல ஒரு குத்தமும் இல்லை.

ஓம்ஸ்ல ஏன் தெரியலைங்கறது நல்ல கேள்வி. உங்க செல்ஃப் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும்னு வெச்சுக்கோங்க. 2.3ஐ 150ஆல வகுத்தா 0.015 ஓம். அவ்வளவு சின்ன தடையை அந்த மீட்டர் பார்க்க முடியாது. அதோட ஓம்ஸ்ல மீட்டர் அனுப்பற கரண்ட் ஊசிமுனை அளவு. அழுக்குப் படிஞ்ச இடத்துல ஒரு நூல் செம்பு தொட்டுக்கிட்டு இருந்தாலும் "நல்லா இருக்கு"ன்னு சொல்லிடும். 150 ஆம்பியர் அந்த ஒரு நூல் வழியா போகுமா? அதனாலதான் சுமை போடும்போதே வோல்ட் பார்க்கணும்கறது. எங்க பட்டறையில புதுசா வர பையனுக்கு முதல் பாடமே இதுதான். பத்து வருசம் வேலை பார்த்தவங்க பலர் இதைச் செய்யறதே இல்லை, நேரா மோட்டாரைக் கழட்டிடறாங்க. எனக்கு அதுல வருத்தம் உண்டு, ஏன்னா விவசாயி பணம் அதுல போகுது.

நல்ல பாதைன்னா கணக்கு இப்படி இருக்கணும்: மெயின் கேபிள் ஒவ்வொரு பக்கமும் 0.5க்கு மேல இறங்கக் கூடாது. எர்த் பக்கம் 0.2க்குள்ள இருந்தா நிம்மதி.

இப்ப அந்த 2.3 எந்த இடத்துல விழுதுன்னு பிரிங்க. ஒரு முள்ளை பேட்டரி மைனஸ் முனையிலயே வெச்சுக்கிட்டு, இன்னொரு முள்ளை வரிசையா நகர்த்துங்க. கேபிள் கிளாம்ப், கேபிளோட மறுமுனையில போல்ட் மாட்டற வளையம் (லக்), அது முறுக்கியிருக்கற முன் ஃபிரேம், எஞ்சின் பிளாக், கடைசியா செல்ஃப் உடம்பு. எந்த இடம் தாண்டும்போது நம்பர் குதிக்குதோ அந்த இணைப்புதான் ஆள். இன்னொரு வழியும் உண்டு. நாலஞ்சு தடவை செல்ஃப் சுத்திட்டு உடனே ஒவ்வொரு இணைப்பிலயும் கை வெச்சுப் பாருங்க. 2.3 வோல்ட், 150 ஆம்பியர், பெருக்கினா 345 வாட்ஸ். அவ்வளவும் சூடாத்தான் போகணும். கை வைக்க முடியாத இடம் காட்டிக் கொடுத்துடும்.

கேபிளைக் கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசி. பிளஸ்ஸை முதல்ல கழட்டப் போய் ஸ்பேனர் உடம்புல தட்டினா நேர் ஷார்ட். கையில மோதிரம், வளையல் வேண்டாம்மா.

கம்பம்பள்ளத்தாக்கு | செவ்வாய், இரவு 9.40

அண்ணே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். உர மூட்டை எங்க அடுக்கியிருக்கீங்க? எங்க திராட்சைத் தோட்டத்துல வண்டி நிக்கற கொட்டகையிலயே பொட்டாஷ் மூட்டையும் யூரியாவும் அடுக்கியிருந்தோம். ரெண்டே மழைக்காலத்துல வண்டியில செம்பு தெரிஞ்ச இடமெல்லாம் பச்சையா களிம்பு பூத்துப்போச்சு. மூட்டையை வேற அறைக்கு மாத்தின பிறகுதான் அடங்குச்சு.

ஆனைமலைத்தோப்பு | வெள்ளி, இரவு 7.15

கண்டுபிடிச்சுட்டேன்ங்க! கிளாம்ப்ல 0.1. லக்ல 0.1. முன் ஃபிரேம்ல 0.5. எஞ்சின் பிளாக்ல திடுக்குனு 2.2. கை வெச்சுப் பார்த்தேன், ஃபிரேமும் எஞ்சினும் சேர்ற போல்ட் பக்கம் சுடுது.

லக்கைக் கழட்டினப்பதான் தெரிஞ்சது, அது பெயிண்ட் மேலயே உக்கார்ந்திருக்கு. 2016 பொங்கலுக்கு அப்பா வண்டியை முழுசா கழுவி அவர் கையாலயே பெயிண்ட் அடிச்சார். நான்தான் டப்பா பிடிச்சேன். ஃபிரேம் போல்ட்டுக்கும் மேல நல்ல கனமா அடிச்சிருக்கார். அடியில துரு. பேட்டரித் தட்டுக்குக் கீழ அணில் தேங்காய் நாரு கொண்டுவந்து கூடு கட்டி வெச்சிருக்கு, அதுல ஈரம் தங்கி கேபிளோட கடைசி நாலு விரக்கடை முழுக்கப் பச்சை. ரப்பரை உரிச்சா செம்பு நூல் பொடிப்பொடியா கையில உதிருது.

கம்பம் அண்ணா, உர மூட்டையும் அதே கொட்டகையிலதான்ங்க இருந்தது. நேத்தே மாத்திட்டேன்.

புது கேபிள் என்ன அளவுல வாங்கட்டும்ங்க?

வயர்மேன்72 | வெள்ளி, இரவு 8.00

35 ஸ்கொயர் எம்.எம். செம்பு கேபிள், ரெண்டு முனையிலயும் லக் வெச்சு பிரஸ்ல அழுத்தி கிரிம்ப் பண்ணி வாங்குங்க. சுத்தியலால தட்டின லக் வேண்டாம். ஃபிரேமையே நம்ப வேண்டாம்மா. பேட்டரி மைனஸ்லேர்ந்து நேரா செல்ஃப் மோட்டார் மாட்டியிருக்கற போல்ட்டுக்கே கொண்டு போங்க. ஒரு மீட்டர் நீளத்துக்கு 150 ஆம்பியர் போனாலும் 0.08 வோல்ட்தான் இறங்கும். ஃபிரேமுக்குத் தனியா ஒரு சின்ன வயர் கொடுத்துட்டா லைட்டு, ஹார்ன் எர்த் சரியாகிடும்.

உக்கார்ற இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி மின்னற வரைக்கும் தேயுங்க. பல் வாஷர் போட்டு முறுக்குங்க. முறுக்கின பிறகு மேல வாசலின் தடவுங்க, முறுக்கறதுக்கு முன்னாடி இல்லை.

ஆனைமலைத்தோப்பு | திங்கள், இரவு 9.10

புது கேபிள் போட்டாச்சு. மைனஸ் பக்கம் 2.3 இருந்தது இப்ப 0.2. காலைல திருப்பினதும் செல்ஃப் சுத்தின வேகத்தைக் கேட்டு நானே சாவியை விட்டுட்டேன்ங்க. இத்தனை வருசத்துல இப்படி ஒரு சுத்து நான் கேட்டதில்லை. அம்மா வீட்டுக்குள்ள இருந்து எட்டிப் பார்த்தாங்க.

ஆனா முழுசா முடியலீங்க. ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. இன்னிக்கு மத்தியானம் திரும்பவும் நின்னுடுச்சு. இந்தத் தடவை "டக்" சத்தம் கூட இல்லை. சாவி திருப்பினா டேஷ்போர்டு விளக்கு எரியுது, செல்ஃப் பக்கம் முழு அமைதி. அரை மணி நேரம் ஆறினதும் எடுத்துடுச்சு.

வயர்மேன்72 | திங்கள், இரவு 9.50

இது வேற நோய். மொதல்ல வந்தது பெரிய கேபிள் பாதையில. இது சாவிப் பாதையில.

சாலினாய்டுல சின்னதா ஒரு முனை இருக்கும், எஸ் முனைன்னு சொல்லுவோம். சாவியிலிருந்து வர வயர் அதுல வரும். அடுத்த தடவை அமைதியா இருக்கும்போது, ஒருத்தர் சாவியைத் திருப்பிப் பிடிச்சுக்கட்டும், நீங்க எஸ் முனைக்கும் செல்ஃப் உடம்புக்கும் நடுவுல எவ்வளவுன்னு பாருங்க. அப்புறம் பின்னாலயே நடங்க: நியூட்ரல் சுவிட்சோட ரெண்டு வயர், கிளட்ச் சுவிட்ச் இருந்தா அது, கடைசியா சாவி சுவிட்ச்ல உள்ள வர்றதும் வெளிய போறதும்.

கரிசல்மண் | செவ்வாய், காலை 7.20

காவிரிக்கரை அண்ணன் எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு நாளா மனசு சரியில்லை. என் மகன் 15 வயசு, அவனும் ஸ்க்ரூட்ரைவர் வெச்சுத்தான் எடுக்கறான், என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டது. நேத்து ராத்திரி நியூட்ரல் சுவிட்ச் புதுசு வாங்கி மாட்டிட்டேன், 280 ரூபாய். அக்கா, நான் முன்ன சொன்னதை விட்டுடுங்க.

ஆனைமலைத்தோப்பு | புதன், மாலை 5.45

மத்தியானம் நின்னப்ப பிடிச்சேன்ங்க. பேட்டரியில 12.1. எஸ் முனையில 7.6. சாவி சுவிட்சுக்கு உள்ள போறது 11.7, வெளிய வர்றது 10.1. நியூட்ரல் சுவிட்சுக்குப் போற வழியில அப்பா சுத்தின ஒரு டேப் முடிச்சு இருக்கு, அதைத் தாண்டினா 8.0. சுவிட்ச் தாண்டி 7.6.

கரிசல்மண் அண்ணா, ரொம்ப நன்றிங்க. பையன்கிட்டயும் சொல்லிட்டீங்கள்ல?

வயர்மேன்72 | புதன், இரவு 8.20

அழகா பிரிச்சுட்டீங்க. டேப் முடிச்சுல 2.1, சாவி சுவிட்ச்ல 1.6, மீதி அங்கங்க.

மத்தியானம் மட்டும் ஏன்னு நீங்க முதல் நாளே கேட்டீங்க. செம்புக் கம்பி சூடானா அதோட தடை ஏறும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம். சாலினாய்டு எஞ்சினை ஒட்டியே இருக்கு. காலைக்கும் மத்தியானத்துக்கும் அது 60 டிகிரி கூடச் சூடானா, சுருளோட தடை கிட்டத்தட்ட கால் பங்கு ஏறிடும். அவ்வளவு தடை ஏறினா கரண்ட் குறையும், இழுக்கற பலமும் நல்லாவே விழும். காலைல எல்லைக்கோட்டுல நின்னு இழுத்தது மத்தியானம் இழுக்காது. ஆறினா திரும்ப இழுக்கும்.

டேப் முடிச்சைப் பிரிச்சு, கெட்ட செம்பை வெட்டி எறிஞ்சுட்டு, ஸ்லீவ் போட்டு கிரிம்ப் பண்ணுங்க. சாவி சுவிட்ச் 22 வருசம் ஆனது, உள்ள தாமிரப் பட்டை தேஞ்சிருக்கும். புதுசு போடலாம். ஆனா அதுவும் தேயும். ஒரு ரிலே, அதாவது சின்ன கரண்டை வெச்சுப் பெரிய கரண்டைத் திறந்துவிடற காந்த சுவிட்ச், போட்டுட்டா சாவி சுவிட்சுக்குப் பாரமே இல்லாம போயிடும்.

நாலு முள் ரிலே, 12 வோல்ட். 30ன்னு போட்டிருக்கற முள்ளுக்கு பேட்டரி பிளஸ்லேர்ந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியா தனி வயர், 4 ஸ்கொயர். 87லேர்ந்து எஸ் முனைக்கு. இப்ப எஸ் முனைக்கு வந்துட்டு இருக்கற பழைய வயரை 86ல மாட்டுங்க. 85 எர்த். சாலினாய்டு இழுக்கற அந்த முதல் வேகத்துல 30 ஆம்பியர் பக்கம் கேட்கும். ரிலே சுருளுக்கு அரைக்கால் ஆம்பியர், கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். பாதையில அழுக்கு இருந்தாலும் அவ்வளவு சின்ன கரண்டுக்கு வோல்ட் இறங்காது. நல்லா கவனிங்க, நியூட்ரல் சுவிட்ச் பழைய வயரோடயே இருக்கு, அதனால கியர்ல நின்னா ரிலே எடுக்காது. பாதுகாப்பு அப்படியே இருக்கு.

ரிலேயை பேட்டரிக்கு ஒட்டி வைக்காதீங்க, ஆசிட் புகை படும். முள் கீழ பார்த்து இருக்கற மாதிரி மாட்டுங்க, தண்ணி தங்காது.

ஃபியூஸ் டப்பாவையும் திறந்து பாருங்க. செம்புக் கம்பி சுத்தியிருந்தா எடுத்துடுங்க. பிளேடு ஃபியூஸ்ல சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர்.

ஆனைமலைத்தோப்பு | சனி, இரவு 8.30

டேப் முடிச்சைப் பிரிச்சேன்ங்க. ஏழு சுத்து. மேல கருப்பு டேப், அதுக்குள்ள பழைய சிவப்பு டேப், அதுக்கும் உள்ள மருத்துவமனையில காயத்துக்கு ஒட்டற வெள்ளை பிளாஸ்திரி. எப்பவோ நடுத்தோப்புல வண்டி நின்னப்ப கையில இருந்ததை வெச்சுக் கட்டியிருக்கார் போல. உள்ள செம்பு பச்சைப் பொடி. அந்தப் பிளாஸ்திரித் துண்டை மட்டும் தூக்கிப் போட மனசு வரலை, டூல் பாக்ஸ்ல வெச்சுட்டேன்.

ரிலே போட்டாச்சு. எஸ் முனையில இப்ப மத்தியானத்துலயும் 11 வோல்ட்டுக்கு மேல வருது. ஃபியூஸ் டப்பாவுல ரெண்டு இடத்துல கம்பிதான் இருந்தது, நீல ஃபியூஸ் போட்டுட்டேன்.

கடைசியா ஒண்ணு. காலைல ஓய்வுல 12.4 தாண்டவே மாட்டேங்குது. புது பேட்டரிங்க, நாலு மாசம்தான் ஆகுது. அப்ப ஆல்டர்னேட்டர் கெட்டுத்தான் இருக்கா?

கம்பம்பள்ளத்தாக்கு | சனி, இரவு 9.05

ஈஸியா பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில ஒரு கேபிளைக் கழட்டுங்க. எஞ்சின் ஓடிக்கிட்டு லைட் எரிஞ்சா ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு. எங்க ஊர்ல இப்படித்தான் பார்ப்போம்.

வயர்மேன்72 | சனி, இரவு 9.20

வேண்டாம் தம்பி, அதைச் செய்யவே கூடாது. டைனமோ காலத்துல அது நடந்தது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்திட்டு இருக்கும்போது பேட்டரியைத் திடீர்னு விலக்கினா வோல்ட் தாறுமாறா எகிறி ரெகுலேட்டர், டயோட் ரெண்டையும் கொன்னுடும். நல்ல ஆல்டர்னேட்டரை சோதிச்சே கெடுத்துடுவீங்க. இந்த டீசல் எஞ்சினுக்கு ஓட கரண்டே வேண்டாம், அதனால எஞ்சின் ஓடறதை வெச்சு ஒண்ணும் தெரியப்போறதில்லை.

அம்மா, சாவியை ஆன்ல வைங்க, ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டேஷ்போர்டுல ஆயில் விளக்கு எரியும். பக்கத்துல பேட்டரி படம் போட்ட விளக்கு எரியுதா?

ஆனைமலைத்தோப்பு | ஞாயிறு, காலை 6.50

எரியலீங்க. ஆயில் விளக்கு மட்டும்தான். நான் ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்தே அது எரிஞ்சு பார்த்ததில்லை. எரியாம இருந்தா நல்லதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

வயர்மேன்72 | ஞாயிறு, காலை 7.30

அதுதான் உங்க ரெண்டு பேட்டரியையும் சாப்பிட்டது.

இந்த மாதிரி பழைய வண்டிகள்ல அந்த விளக்கு வெறும் அடையாளம் இல்லை. சாவி போட்டதும் அந்த பல்பு வழியாத்தான் ஒரு சின்ன கரண்ட் ஆல்டர்னேட்டருக்குள்ள சுத்தற ரோட்டருக்குப் போய் அதை காந்தமாக்கும். அப்புறம்தான் அது உற்பத்தியைத் தொடங்கும். பல்பு ஃபியூஸ் ஆனா தொடக்கமே கிடையாது. ரோட்டர்ல மிச்சம் தங்கியிருக்கற காந்தத்தை வெச்சு, எஞ்சினை நல்லா ரேஸ் பண்ணினா எழுந்துக்கும். நீங்க வட்டப்பாத்தி சுத்தி மெதுவாத்தான் ஓட்டுவீங்க. அந்த வேகத்துக்கு அது எழுந்துக்கவே இல்லை. பேட்டரி அரை வயித்துலயே மாசக்கணக்கா கிடந்து, தகட்டுல வெள்ளை பூத்துச் செத்துப்போச்சு.

20 ரூபாய் பல்பு. 12 வோல்ட், 3 வாட்ஸ், உள்ள இழை இருக்கற சாதா பல்பு. எல்.இ.டி. கொடுத்தா வாங்காதீங்க, அது வழியா போற கரண்ட் பத்தாது.

இப்ப இருக்கற பேட்டரியை வெளிய எடுத்து மெதுவா சார்ஜ் ஏத்துங்க. 50 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 5 ஆம்பியர்ல, பத்து மணி நேரம். காத்தோட்டமான இடம், பீடி சிகரெட் பக்கத்துல வரக் கூடாது. ஆசிட் அடர்த்தி பார்க்கற ஹைட்ரோமீட்டர்ல ஆறு அறையும் 1260 பக்கம் ஒண்ணுபோல வந்தா பேட்டரி பிழைச்சுடும். ஒரு அறை மட்டும் இறங்கி நின்னா அது தேறாது. தண்ணி குறைஞ்சிருந்தா டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணியிலயும் உப்பு மிச்சம் இருக்கும். ஆசிட் ஊத்தவே கூடாது.

ஆனைமலைத்தோப்பு | புதன், இரவு 7.40

பல்பு போட்டேன்ங்க. சாவி போட்டதும் சிவப்பா எரியுது, ஸ்டார்ட் ஆகி லேசா ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் அணையுது. மெதுவான ஓட்டத்துலயே பேட்டரியில 14.1, கொஞ்சம் ஏத்தினா 14.2, அதுக்கு மேல போகலை. பேட்டரியில அஞ்சு அறை 1260, ஒண்ணு 1250. இன்னிக்கு காலைல ஓய்வுல 12.6.

இன்னிக்கு மட்டும் வேணும்னே பதினோரு தடவை நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். பதினோரு தடவையும் எடுத்தது. மத்தியானம் வண்டியைச் சரிவுல நிறுத்தாம, சமதரையில, தோப்பு நடுவுல நிறுத்திட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்தேன்.

ஆன செலவு: மீட்டர் 350, கேபிள் 620, ரிலே, ஃபியூஸ், வயர் 310, பல்பு 20. எல்லா அளவையும் அப்பா டீசல் கணக்கு எழுதற நோட்டுலயே தேதி போட்டு எழுதி வெச்சுட்டேன்.

வயர்மேன் ஐயா, இடது ஹெட்லைட் மட்டும் மங்கலா எரியுது. ஹார்ன் அடிச்சா இன்னும் மங்குது. அதுவும் எர்த்தாத்தான் இருக்குமோ?

வயர்மேன்72 | புதன், இரவு 8.15

இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. லைட்டை எரியவிட்டு, லைட் உடம்புக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவுல மீட்டரை வைங்க. என்ன காட்டுதுன்னு எழுதுங்கம்மா.